மையக் கேள்வியை வைத்து ஒரு பாடத்தை நடத்துவதும் மதிப்பிடுவதும்: முழுமையான வழிகாட்டி

"காவிரி எங்கே உற்பத்தியாகிறது?" என்று வகுப்பில் கேட்டால் பத்துக் கை உயரும். ஒருவர் "தலைக்காவிரி" என்றதும் கேள்வி அத்தோடு முடிந்தது. "எல்லாருக்கும் போதாத தண்ணீரை எப்படிப் பங்கிட்டால் நியாயம்?" என்று கேட்டால் கைகள் உடனே உயராது. உயரும்போது ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் பதிலை இன்னொருவர் மறுப்பார். பாடம் முடிந்த பிறகும் அந்தக் கேள்வி முடிந்திருக்காது. இந்த இரண்டாம் வகைதான் மையக் கேள்வி.

அமெரிக்காவில் கல்வியாளர் தியோடர் சைசர் 1984இல் தொடங்கிய பள்ளிக் கூட்டமைப்பு இந்த முறையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. பிறகு கிரான்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை என்ற கல்வியாளர்கள் இருவரும் இதைப் பாடத் திட்டமிடலோடு சேர்த்துப் பரப்பினார்கள். இன்று ஆசிரியர் பயிற்சிகளில் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் இது சார்ட்டில் எழுதி ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஒரே கேள்வியை முதல் நாளும் நடுவிலும் கடைசியிலும் அதே சொற்களில் கேட்க வேண்டும். வரும் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். இதைச் செய்யாதவரை சுவரில் இருப்பது வெறும் அலங்காரம் என்பது என் கருத்து.

எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில், தண்ணீர்ப் பங்கீட்டை வைத்து மூன்று வாரத்துக்கு ஓர் அலகைக் கட்டிக் காட்டுகிறேன். புவியியல், வரலாறு, குடிமையியல் மூன்றும் இதற்குள் வந்துவிடும். உங்கள் பாடம் வேறாக இருந்தாலும் வழி இதேதான்.

1. கடைசி நாளிலிருந்து தொடங்குங்கள்

பாடக்குறிப்பு எழுதும்போது நாம் முதல் பீரியடில் என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறோம். இங்கே அதைத் திருப்பிப் போட வேண்டும். மூன்று வாரம் கழித்து மாணவர் தன் சொந்தச் சொற்களில் என்ன சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்? அதை இரண்டு மூன்று வரியில் எழுதிவிடுங்கள். இந்த அலகுக்கு நான் எழுதுவது இது:

சமமாகப் பிரிப்பதும் நியாயமாகப் பிரிப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. எவ்வளவு தருவது என்பதோடு எப்போது தருவது, யார் முடிவெடுப்பது, மழை பொய்த்த ஆண்டில் என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் பங்கீடு முழுமையாகும்.

இதை மாணவர்களிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த நிமிடம் நோட்டில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். இது உங்கள் கையில் இருக்கும் வரைபடம், அவ்வளவுதான்.

2. கேள்வியை வடிவமைத்தல்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் மனதில் வரும் கேள்வி பெரும்பாலும் உதவாது. சில வரைவுகளைப் பார்ப்போம்.

"காவிரிப் பிரச்சினைக்கான காரணங்கள் யாவை?" இது புக் பேக் கேள்வி. கைடில் ஐந்து பாயின்ட்டாக விடை இருக்கும்.

"தண்ணீரை ஏன் சேமிக்க வேண்டும்?" இதுதான் பெரிய பொறி. கேட்க நன்றாக இருக்கிறது, பிள்ளைகளும் உற்சாகமாகப் பதில் சொல்கிறார்கள். ஆனால் ஆசிரியர் எந்தப் பதிலை விரும்புகிறார் என்று மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கே தெரியும். மறுக்க ஆளில்லாத கேள்வியில் யாருக்கும் யோசிக்க வேலையில்லை. "மரம் ஏன் வளர்க்க வேண்டும்", "ஒற்றுமை ஏன் முக்கியம்" எல்லாம் இதே ரகம்.

"தமிழ்நாட்டுக்கு அநீதி இழைக்கப்பட்டதா?" பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆம் என்று கத்திவிட்டு வகுப்பு கலைந்துவிடும்.

"நீதி என்பது என்ன?" நல்ல கேள்விதான். ஆனால் பதின்மூன்று வயதுக்காரர் இதைப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எதுவும் இல்லை.

"எல்லாருக்கும் போதாத தண்ணீரை எப்படிப் பங்கிட்டால் நியாயம்?" இது நிற்கிறது. ஏன் என்றால், குழாயடியில் தினமும் நிற்கும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்ல ஏதாவது இருக்கும். அதே சமயம் பாடத்தைப் படிக்காமல் ஆழமான பதில் சொல்ல முடியாது. பெரியவர்களுக்குள்ளும் இதில் ஒத்த கருத்து கிடையாது. தெருக்குழாய், கண்மாய், மாநிலங்களுக்கு இடையிலான ஆறு என்று அளவு மாறினாலும் கேள்வியின் சொற்களை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் கேள்வியையும் இந்த நான்கையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள்: முதல் நாளே தொட முடிகிறதா, பாடம் இல்லாமல் முடிக்க முடியாமல் இருக்கிறதா, விவரம் தெரிந்தவர்களே கருத்து வேறுபடுகிறார்களா, வேறு இடத்துக்கும் எடுத்துப்போக முடிகிறதா.

மற்றப் பாடங்களுக்கும் இப்படி யோசிக்கலாம். கணக்கில் "சராசரி எப்போது நம்மை ஏமாற்றும்?", அறிவியலில் "ஒன்றுக்கு உயிர் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?", தமிழில் "கதை சொல்பவரை எவ்வளவு நம்பலாம்?" ஓர் அலகுக்கு ஒன்று போதும். பயிற்சிகளில் நான்கைந்து எழுதச் சொல்வார்கள். நான்கைந்து இருந்தால் எதுவும் மையம் இல்லை.

3. முதல் நாள்: திருத்தாமல் வாங்கிக்கொள்ளுங்கள்

கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு கீழே இறக்கிக் காட்டுங்கள்: "தெருவுக்கு ஒரு குழாய். ஒரு மணி நேரம்தான் தண்ணி வரும். முதல்ல வந்தவங்களுக்கா, வீட்டுக்கு நாலு குடமா, ஆள் அதிகமா இருக்கற வீட்டுக்கு அதிகமா?" அரைத் தாளில் பெயர், தேதி போட்டு ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை உட்பட எதையும் திருத்தாதீர்கள். வாங்கி ஒரு ஃபைலில் வைத்துவிடுங்கள். பின்னால் மதிப்பீட்டுக்கு அடித்தளமே இந்தத் தாள்தான்.

அப்புறம் பேசவிடுங்கள். கேள்வி கேட்டதும் அமைதி வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் காட்டினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்கத்தான் சின்னது. நாற்பத்தைந்து பேர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ரொம்ப நீளம். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான தாள்களில் "எல்லாருக்கும் சமமா குடுக்கணும் சார்" என்றுதான் இருக்கும். இதைத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த மூன்று வாரமும் இந்தச் "சமமா"வைத்தான் உரசிப் பார்க்கப்போகிறோம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் ஊரில் தண்ணீரைப் பற்றிப் பேசினால் சாதி வரும். எந்தத் தெருவுக்குக் குழாய் கடைசியாக வந்தது என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். பாதிக்கப்பட்ட பிள்ளையை எழுப்பி "உன் அனுபவத்தைச் சொல்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். தெருப்பெயரோ ஆள்பெயரோ சொல்வதில்லை என்று முதல் நாளே விதி வைத்துவிடுங்கள். அந்தப் பாரத்தை வரலாறு தூக்கட்டும். 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் இறங்கித் தண்ணீர் அருந்தினார்கள். அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தது. ஏட்டில் கிடைத்த பங்கு கைக்கு வர இன்னும் என்ன வேண்டும் என்று கேளுங்கள். வகுப்பு பேச வேண்டியதை அதுவே பேசிக்கொள்ளும்.

4. துணைக் கேள்விகளும் ஆதாரங்களும்

மையக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வாரம் பேசினால் அது அரட்டையாகிவிடும். பிள்ளைகள் தங்கள் பதிலை மாற்றிக்கொள்ளும்படி புதிய செய்திகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். வாரத்துக்கு ஓர் ஆதாரம், அதை ஒட்டி ஒரு துணைக் கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் கண்மாய் அல்லது ஏரி. வரத்துக்கால் (தண்ணீர் வந்துசேரும் வாய்க்கால்), மடை (தண்ணீர் திறக்கும் மதகு), கலிங்கு (மிகுந்த தண்ணீர் வழியும் இடம்), ஆயக்கட்டு (பாசனம் பெறும் வயல்கள்) என்று அதன் உறுப்புகளை வரைந்து காட்டுங்கள். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி, மடையர் என்று ஊருக்கு ஊர் வேறு பெயரில் ஆள் இருந்ததைச் சொல்லுங்கள். துணைக் கேள்வி: தண்ணீர் குறைந்த வருடத்தில் முதலில் தலைமடைக்கா, கடைமடைக்கா? தலைமடைக்காரர் எடுத்த பிறகு மிஞ்சியதுதான் கடைமடைக்கு வரும் என்று புரிந்ததுமே "சமமா" கொஞ்சம் ஆட்டம் காணும். சமமான அளவா, சமமான நேரமா, நிலத்தின் பரப்புக்கு ஏற்றபடியா? தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம். கிராமத்துப் பிள்ளைகள் நமக்கே தெரியாததைக் கொண்டுவருவார்கள்.

இரண்டாம் வாரம் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கக் கல்வெட்டு. குடவோலை முறையை எல்லாப் புத்தகமும் பெருமையாகச் சொல்கிறது. அந்த முறையில் தேர்வான வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆறு பேர், ஓராண்டுப் பதவி. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தனி வாரியம்! சரி, பெருமையை முழுசாகப் பட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்: யாருடைய பெயரைக் குடத்தில் போடவே முடியாது? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35இலிருந்து 70க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர்களில் எத்தனை பேர் இதில் தேறியிருப்பார்கள்? இந்த இடத்தில் வகுப்பின் கவனம் "எவ்வளவு" என்பதிலிருந்து "யார் முடிவெடுப்பது" என்பதற்கு நகரும். இந்த அலகிலேயே எனக்கு மிகப் பிடித்த பீரியட் இதுதான்.

மூன்றாம் வாரம் காவிரி. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892, 1924 ஆண்டுகளில் செய்த ஒப்பந்தங்கள், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007இன் இறுதித் தீர்ப்பு, 2018இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று காலக்கோடு போட்டுவிட்டு எண்களுக்குப் போய்விடுங்கள். நடுவர் மன்றம் மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கூட்டச் சொல்லுங்கள், 726தான் வரும். "மீதி 14 எங்க சார்?" என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். 10 சுற்றுச்சூழலுக்கு, 4 தவிர்க்க முடியாமல் கடலுக்கு. ஆற்றுக்கே ஒரு பங்கு உண்டு என்பது பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கூட்டியது. அதில் 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவையைக் கருதி. எந்த மாநிலமும் ஆற்றைத் தனக்கு மட்டுமே சொந்தம் என்று கொண்டாட முடியாது என்றும் சொன்னது. இனி கணக்கு. மழை குறைந்து 740க்குப் பதில் 555 மட்டும் கிடைத்தால்? எல்லாருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்கிறது நடுவர் மன்றம். அதாவது ஒவ்வொருவருக்கும் முக்கால் பங்கு. தமிழ்நாட்டின் 404.25, சுமார் 303 ஆகும். கணக்கு சுத்தமாக வருகிறது. ஆனால் குடிநீரும் குறுவைப் பயிரும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டுமா? ஜூன் மாதம் வர வேண்டிய தண்ணீர் அக்டோபரில் வந்தால் எண் சரியாக இருந்தும் என்ன பயன்?

இந்த வாரத்தில் நான்கு குழுக்களாகப் பிரித்து வாதாடவிடுங்கள்: கர்நாடகத்தின் மாண்டியா கரும்பு விவசாயி, பெங்களூர்க் குடும்பம், தஞ்சாவூர் குறுவை விவசாயி, கடைமடையில் இருக்கும் காரைக்கால்காரர். தமிழ்நாட்டுக்காக உரக்கப் பேசுகிற பிள்ளைகளை மாண்டியாவில் உட்கார வையுங்கள். உங்கள் சொந்தக் கருத்தை மூன்று வாரமும் வெளியே காட்டாதீர்கள். இதுதான் இந்த முறையிலேயே ஆசிரியருக்குக் கஷ்டமான பகுதி. தலையாட்டுவதில்கூடப் பிள்ளைகள் நம் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

5. வெள்ளிக்கிழமைதோறும் அதே கேள்வி

ஒவ்வொரு வாரக் கடைசியிலும் பத்து நிமிடம் ஒதுக்கி அதே கேள்வியை அதே சொற்களில் கேளுங்கள். முதல் நாள் தாளைத் திருப்பிக் கொடுத்து, வேறு நிற மையில் எழுதச் சொல்லுங்கள்: "முதலில் இப்படி நினைத்தேன். இப்போது இப்படி நினைக்கிறேன். காரணம் இது." கருத்து மாறாவிட்டாலும் பரவாயில்லை, மாறாததற்குக் காரணம் எழுத வேண்டும்.

நாற்பத்தைந்து தாளை வாராவாரம் திருத்துவதா என்று மலைக்க வேண்டாம், திருத்தவே வேண்டாம். வேகமாகப் படித்து மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: முதல் பதிலிலேயே நிற்பவர்கள், புதுச் செய்தி சேர்த்திருந்தும் அதைத் தங்கள் பதிலோடு இணைக்காதவர்கள், இணைத்தவர்கள். நடு அடுக்கு பெரிதாக இருந்தால் திங்கட்கிழமை புதிதாக எதையும் நடத்தாதீர்கள். பேர் போடாமல் இரண்டு பதில்களைக் கரும்பலகையில் எழுதி, "இந்தச் செய்தி இந்தப் பதிலுக்கு எப்படி உதவுகிறது?" என்று வகுப்பையே கேளுங்கள். வளரறி மதிப்பீடு (பாடம் நடக்கும்போதே செய்வது) என்று நாம் பதிவேட்டில் எழுதுவதன் உண்மையான வேலை இதுதான். எழுத வராத பிள்ளைகளிடம் வாய்மொழியாகக் கேட்டு நீங்களே இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

6. மதிப்பெண்

கருத்துக்கு மதிப்பெண் கிடையாது. இதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள். கடைசியில் எழுதும் பதிலுக்குப் பத்து மதிப்பெண்ணை நான் பிரிக்கும் விதம்: தெளிவான நிலைப்பாட்டுக்கு 2, பாடத்திலிருந்து ஆதாரத்துக்கு 4, எதிர்த்தரப்பை நியாயமாகச் சொல்வதற்கு 2, தன் முதல் பதிலோடு ஒப்பிட்டதற்கு 2. ஒப்பீட்டுக்கான இரண்டைத் தனியாக அரைத் தாளைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். மீதி எட்டுக்கு மூன்று மாதிரிப் பதில்கள் இதோ.

"தண்ணீர் எல்லாருக்கும் பொது. தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை. அதனால் சமமாகக் கொடுக்க வேண்டும்." நிலைப்பாடு இருக்கிறது. முதல் நாளே எழுதியிருக்கக்கூடிய பதில். எட்டுக்கு 2.

"2007இல் 419, 270, 30, 7 டி.எம்.சி. என்று பிரித்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது." எல்லாம் சரி, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே? தகவலுக்காக 2. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இப்படி எழுதுவார்கள், மதிப்பெண்ணைப் பார்த்து அதிர்ச்சியும் அடைவார்கள். முதல் வெள்ளிக்கிழமையே இந்த மாதிரியைக் காட்டிவிடுவது நல்லது.

"குடிநீருக்கு முதலில் எடுத்துவிட்டு மீதியை விகிதப்படி பிரிக்கலாம். நடுவர் மன்றம் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் குடிக்கிற தண்ணீரும் குறையும். ஆனால் நகரம் வளர வளர விவசாயிக்குக் குறைந்துகொண்டே போகும் என்று மாண்டியா குழு சொன்னது சரிதான். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை." நிலைப்பாடு 2, ஆதாரம் 3, எதிர்த்தரப்பு 2. எட்டுக்கு 7. கடைசி வாக்கியத்துக்காக ஒரு மதிப்பெண்ணும் குறைக்காதீர்கள்.

இதோடு புதுச் சூழல் ஒன்றையும் கொடுங்கள். வகுப்பில் பேசியதை ஒப்பிக்கிறாரா, புரிந்திருக்கிறாரா என்று அதில்தான் தெரியும். சிந்து நதி ஒப்பந்தம் இதற்கு அருமையாகப் பொருந்தும். 1960இல் இந்தியாவும் பாகிஸ்தானும் தண்ணீரை அளந்து பிரிப்பதற்குப் பதில் ஆறுகளையே பிரித்துக்கொண்டன. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 2025 ஏப்ரலில் இந்தியா இந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. இந்த விவரங்களை அரைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, "இப்படிப் பிரிப்பது நியாயமான வழியா? காவிரிக்கு இது ஒத்துவருமா?" என்று கேளுங்கள். காவிரியில் எந்தக் கிளை ஆற்றை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கப் போனாலே வரைபடத்தை எடுத்துவிடுவார்கள்.

துணை ஆறுகள், ஆண்டுகள், அணைகள் பற்றிய சிறு தேர்வை விட்டுவிடாதீர்கள். பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டில் அவை வரும். மையக் கேள்வி அவற்றுக்கு மாற்று இல்லை. கபினியும் ஹேமாவதியும் எங்கே ஓடுகின்றன என்று தெரியாதவர் பங்கீட்டைப் பற்றி என்ன வாதாட முடியும்?

7. வழக்கமான சிக்கல்கள்

இரண்டு மூன்று பேரே எப்போதும் பேசுகிறார்கள் என்றால் முதலில் எழுத்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு, அதன் பிறகே வகுப்புக்கு என்று வரிசை வையுங்கள். வகுப்பில் சொல்லும்போது தன் பதிலைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவர் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

கேள்வி பாதியில் சப்பென்று ஆகிவிட்டால், அதாவது எல்லாரும் ஒத்துப்போய்விட்டால், ஆதாரம் போதவில்லை என்று அர்த்தம். கேள்வியை மாற்றாமல் எதிர்த்தரப்பு ஆதாரம் ஒன்றைக் கொண்டுவாருங்கள்.

"இது பரீட்சைக்கு வருமா?" என்று பெற்றோர் கேட்டால், பிள்ளையின் முதல் தாளையும் கடைசித் தாளையும் கையில் கொடுங்கள். தலைமையாசிரியரோ ஆய்வுக்கு வரும் அதிகாரியோ கேட்டாலும் அதே இரண்டு தாள்தான்.

மூன்று வாரம் கிடைக்காது, சிலபஸ் ஓடுகிறது என்பவர்களுக்கு: ஒரு வாரம் போதும். திங்கட்கிழமை குழாயடிக் கேள்வியும் அரைத் தாளும், செவ்வாய் உத்திரமேரூர், புதன் காவிரி எண்கள், வியாழன் நான்கு குழு வாதம், வெள்ளி அதே அரைத் தாளில் வேறு மை. கண்மாயை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம், சிந்துவை அடுத்த தேர்வில் ஒரு கேள்வியாக வைக்கலாம். எதைக் குறைத்தாலும் திங்கள் தாளையும் வெள்ளித் தாளையும் மட்டும் குறைக்காதீர்கள்.